வெள்ளிக்கிழமை மட்டும் ஃபாஸ்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். நோட்டு வாங்குவேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். இப்படிப் பிள்ளையார் சுழி மட்டும் உள்ள நோட்டு எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. ஒன்றில் என் வீட்டுக்காரி கோலம் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

தயக்கத்துக்குக் காரணம் வெட்கம்தான். நடந்த தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் நான் எழுதாமல் இருக்க இருக்க, சொந்தக்காரர்கள் வாயில் கதை வேறு மாதிரி ஆகிக்கொண்டே போகிறது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பந்தியில் ஒரு அம்மா, "கடலூர்ல ஒரு பொண்ணு பைக் ரேசுல ஜெயிச்சு, அதைப் பாத்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கட்டிக்கிட்டாங்களாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்பளம் தொண்டையில் நின்றுவிட்டது. அந்தப் பெண் என் மகள். அவள் ஓட்டுவது ஸ்கூட்டி. சைக்கிளில் மீன் விற்க வருகிறவரே அவளைத் தாண்டிப் போவார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நீயே எழுதிடுப்பா, யாராவது ஒழுங்காச் சொல்லட்டும்" என்றாள் மகள். பெரியநாயகி அம்மனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுக்கணும்.

முதலில் என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். சிப்காட்டில் சாயத்துக்கான கெமிக்கல் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோரில் வேலை. டிரம்மை அடுக்கணும், லேபிளைப் பார்த்துக் கேட்டதை எடுத்துக் கொடுக்கணும். என் இங்கிலீஷ் மொத்தமும் அந்த டிரம்களின் மேல் படித்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கைதவறாமல் எழுதுவேன். ஆனால் ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒரு பேர் மாதிரி.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போர்மேன், "இன்னைக்கு நீ பிளான்ட்டைப் பாத்துக்க" என்றார். பிளான்ட் என்றால் செடி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அரளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். கம்பெனியில் எந்திரம் எல்லாம் சேர்ந்து இருக்கிற இடத்துக்குப் பேர்தான் பிளான்ட் என்று அப்புறம் சொன்னார்கள். நான் செடியை மறந்துவிட்டேன். ஒன்று வந்தால் ஒன்று போய்விடணும் இல்லையா?

டிஸ்சார்ஜ் என்று ஒரு வார்த்தை. எங்கள் கம்பெனியில் வெசல் என்கிற பெரிய கொப்பரையில் காய்ச்சியதை எல்லாம் முடிந்தபிறகு அடிவாயைத் திறந்து வெளியே விடுவதற்கு டிஸ்சார்ஜ் என்று பேர். அதோடு அந்த வெசல் காலி. ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து மச்சான் போன் பண்ணினான். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. அங்கே எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறான். மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். "மாமா, அப்பா டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு" என்றான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிட்டாள். பெரிய ரோஜா மாலையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் சிதம்பரம் பஸ் ஏறினோம். கதவைத் திறந்தது மாமனார். மாலையைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். "நடராஜருக்கு மாமா" என்றேன். வாயில் அப்படி வந்தது, சாமி கொடுத்த வார்த்தை. "நல்லதாப் போச்சு, நானும் வரேன், இருங்க" என்று சட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தே கோயிலுக்கு வந்தார். நடராஜருக்கு அன்றைக்கு நல்ல மாலை.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

இனி மகளைப் பற்றி. ஒரே பெண். லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்துவது வலிக்காது என்று பேர் எடுத்தவள். பத்தாவது பரீட்சைக்கு வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை விரதம் ஆரம்பித்தாள். பரீட்சை முடிந்தது, பாஸ் பண்ணினாள், விரதத்தை மட்டும் விடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். சாயந்திரம் திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் பெரியநாயகி அம்பாளுக்குத் தீபாராதனை பார்த்துவிட்டு வந்துதான் சாப்பாடு.

எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மகளே ரத்தம் எடுத்து ரிப்போர்ட் கொண்டு வருவாள். அதில் ஃபாஸ்டிங் என்று ஒரு வரி இருக்கும். என்னவென்று கேட்டேன். "வெறும் வயித்துல இருக்கறதுப்பா. விரதம்னாலும் அதே வார்த்தைதான், ஃபாஸ்ட்" என்றாள். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சாமி சம்பந்தப்பட்ட ஒரு இங்கிலீஷ் வார்த்தை நமக்கும் தெரியும் என்று ஒரு பெருமை.

ஊரில் எல்லாரும் "ஃபாஸ்ட்டா போ, ஃபாஸ்ட்டா வா" என்கிறார்களே, அது காதில் விழவில்லையா என்று கேட்பீர்கள். விழுந்தது. அது காதால் கேட்ட வார்த்தை. இது ரிப்போர்ட்டில் கண்ணால் பார்த்த வார்த்தை. ரெண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். நாலு இடம் வந்தது, நாலும் வேண்டாம் என்றாள். ஒருவர் வேலையை விடச் சொன்னார். ஒருவர் அவள் உயரத்தை இஞ்சில் கேட்டு, தன் உயரத்தைச் சொல்லவில்லை. மற்ற ரெண்டுக்கும் அவள் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்தாவதாக மச்சான் ஒரு இடம் கொண்டு வந்தான். சிதம்பரத்தில் கீழ வீதிப் பக்கம் வீடு. பையன் பார்மசி படித்துவிட்டுச் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார். அப்பா ரிட்டையர்டு பஸ் டிரைவர். பையனின் பயோடேட்டா கையால் தமிழில் எழுதியிருந்தது. கடைசி வரி: "கத்திரிக்காய் கொத்சு நன்றாக வைப்பேன்."

மகள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். காப்பி ஆறிப்போயிற்று. "மாமா அவுங்களை எப்ப வரச் சொல்றாரு?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். பயோடேட்டாவோடு வந்த பையன் போட்டோவை அன்றைக்கே காணோம். ரெண்டு நாள் கழித்து அவள் ஸ்கூட்டிச் சீட்டைத் தூக்கினால், இன்சூரன்ஸ் பேப்பருக்குள் பத்திரமாக இருந்தது. நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அம்மா தாயே, இந்த இடத்தை மட்டும் முடிச்சுக் குடு என்று வேண்டிக்கொண்டேன்.

வேண்டிக்கொண்டதோடு நின்றிருக்கலாம். மகள் தன் பயோடேட்டாவை இங்கிலீஷில் அழகாக எழுதிக் கொடுத்து, டைப் அடித்து வரச் சொல்லி என்னை அனுப்பினாள். மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்கு எதிரில் ஒரு பிரவுசிங் சென்டர். வரிசையில் நிற்கும்போது படித்துப் பார்த்தேன். படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, உயரம் இருக்கிறது. சாமி எங்கே? பத்து வருஷமாகப் பட்டினி கிடக்கிற பெண், அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நடராஜர் ஊர்க்காரர்கள் வேறு. அதைத்தானே முதலில் பார்ப்பார்கள் என்று தோன்றியது. பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அடியில் ரெண்டு வரி எழுதினேன்.

"கேர்ள் இஸ் வெரி ஃபாஸ்ட். எவ்ரி ஃப்ரைடே ஃபாஸ்ட். ஃபேமிலி ஆல்சோ ஃபாஸ்ட்."

எண்ணிப் பார்த்தால் மூன்று வரி. வெரி எதற்கு என்றால், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்று காட்டுவதற்கு. டைப் அடிக்கிற பெண் நிறுத்தி, என்னை ஒரு தடவை பார்த்து, "ஐயா, இப்படியே போடட்டுங்களா?" என்று கேட்டது. "இப்படியேதாம்மா. கொஞ்சம் பெருசா, கறுப்பாப் போடு" என்றேன். போட்டது. அங்கிருந்தே மச்சானுக்கு ஒரு காப்பியை அவள் போட்டோவோடு அனுப்பினேன். அவன் அதைப் படிக்காமலே கவரில் போட்டு அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. ஒரு வாரம் ஆனது. மகள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் போன் அடித்தால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "நல்ல நாள் பாக்குறாங்க போலருக்கு" என்று நானாகச் சொன்னேன். தலையாட்டினாள். பத்தாவது நாள் ராத்திரி சாப்பிடும்போது, "கொத்சுக்குப் புளி விடுவாங்களாப்பா?" என்றாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மச்சான் போன் பண்ணினான். நான் ஸ்டோரில் இருந்தேன்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு ஃபாஸ்ட்டுன்னு அவுங்க வீட்ல யோசிக்கிறாங்க."

"இதுல யோசிக்க என்ன மச்சான் இருக்கு? ஃபாஸ்ட்டுதானே."

மச்சான் குரலைத் தணித்தான்.

"என்ன மாமா, நீங்களே சொல்றீங்க?"

"நான்தானே எழுதிக் குடுத்தேன். பத்தாவது படிக்கிறப்பவே ஆரம்பிச்சுட்டா. உடம்பு கெட்டுடும், வேணாம்னு எவ்ளோ சொன்னோம். கேக்கல."

"மாமா..."

"எல்லாம் உன் அக்காவைப் பாத்து வந்ததுதான். அவ கல்யாணத்துக்கு முந்தியே ஃபாஸ்ட்டு. உனக்குத் தெரியாததா?"

"எங்க அக்காவையா சொல்றீங்க? பாத்துப் பேசுங்க மாமா."

"ஏன், நான் மட்டும் என்ன? மாசத்துல ரெண்டு நாளு நானும் ஃபாஸ்ட்டு. அன்னைக்குப் பூரா கோயில்லதான் இருப்பேன்."

"கோயில்லயா?" என்றான் மச்சான். போன் கட்டாகிவிட்டது. நான் சொன்னது பிரதோஷத்தை. அவன் எதை நினைத்தான் என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை.

அடுத்த நிமிஷம் அவன் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறான், உன்னை உன் புருஷனே ஃபாஸ்ட்டு என்கிறார், கேட்டியா என்று. அவளுக்கு ஃபாஸ்ட் என்றால் வேகம் ஒன்றுதான் தெரியும். "ஆமாண்டா, ஃபாஸ்ட்டுதான். நாலு மணிக்கு எழுந்து, வாசல் தெளிச்சு, எட்டு மணிக்குள்ள ரெண்டு டிபன் பாக்ஸ் கட்றது யாரு? உங்க மாமாவா?" என்றாளாம். மச்சான் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்தப் பக்கம் நடந்ததை எல்லாம் பின்னால் சம்பந்தியம்மாவே சொல்லித் தெரிந்துகொண்டேன். இனிமேல் சம்பந்தியம்மா என்றே எழுதுகிறேன். கல்யாணம் நடந்ததா இல்லையா என்று உங்களை ஏன் தவிக்க விடணும்?

பயோடேட்டாவைப் படித்துச் சொன்னவர் சம்பந்தியம்மாவின் அண்ணன். ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த வீட்டில் இங்கிலீஷ் என்றால் அவர் பேச்சுதான் கடைசி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கறுப்பு எழுத்தை ரெண்டு தடவை படித்தாராம். பிறகு, "பெத்த அப்பனே வெரி ஃபாஸ்ட்டுன்னு எழுதிக் குடுக்கிறான்னா, எழுதாம விட்டது எவ்ளோ இருக்கும்?" என்றாராம். நம் ஊரில் ஒரு பெண்ணை ஃபாஸ்ட் என்றால் அவள் நடத்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தியம்மா, வண்டி வேகமாக ஓட்டுகிற பெண்ணாக இருக்கும் என்று நினைத்தாராம். வெள்ளிக்கிழமை மட்டும் என்ன வேகம் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. இன்னொரு இடத்து பயோடேட்டாவும் அப்போது அவர்கள் கையில் இருந்தது. அதையே முடிக்கலாம் என்று அண்ணன் சொன்னார்.

மாப்பிள்ளை பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மட்டும்தானே மாமா. மத்த ஆறு நாளை வச்சு சமாளிச்சுக்கிறேன்" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தையில் சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். அப்படி வெள்ளிக்கிழமை என்னதான் நடக்கிறது, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமையே கடலூருக்குக் கிளம்பிவிட்டார்.

லேப் வாசலில் ஆட்டோ பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சரை மணிக்கு மகள் வெளியே வந்தாள், ஹெல்மெட் போட்டாள், பெட்ரோலைப் பார்த்தாள், ரெண்டு கண்ணாடியையும் திருப்பிச் சரி பண்ணினாள், கிளம்பினாள். பின்னாலேயே ஆட்டோ. பாதி தூரம்கூடப் போகவில்லை, டிரைவர் திரும்பி, "அம்மா, இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி ஆஃப் ஆயிடும். முந்திப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வெயிட் பண்ணட்டுமா?" என்று கேட்டாராம். சம்பந்தியம்மா அண்ணனைப் பார்த்தாராம். அண்ணன் ரோட்டைப் பார்த்தாராம்.

அன்றைக்கு நானும் கோயிலில்தான் இருந்தேன். பகல் ஷிப்டு முடிந்து நேராக வந்து, அம்பாள் சந்நிதியில் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தீபாராதனை ஆனது. மகள் கண் மூடி நின்றாள், ரொம்ப நேரம். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், அம்பாளுக்கும் தெரியும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரோ ஒரு அம்மா, என் வீட்டுக்காரி வயது, கையில் சுண்டல் தொன்னையோடு வந்து அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். சிரித்த முகம். தொன்னையை நீட்டி, "எடுத்துக்கம்மா" என்றார்.

மகள் லேபில் தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தை, அதுவாக வந்துவிட்டது. "வேணாம்மா. நான் இப்ப ஃபாஸ்ட்டு. வீட்டுக்குப் போயிதான்."

அந்த அம்மா தொன்னையை நீட்டியபடியே கேட்டார். "இப்பவா? உக்காந்துகிட்டுதானே இருக்கே?"

"காலையிலேருந்தும்மா."

"காலையிலேருந்தேவா?"

"வெள்ளிக்கிழமைன்னா தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். வெறும் வயித்துலதான் இருப்பேன்."

அந்த அம்மா என் மகளையே பார்த்தார். கொஞ்சம் மெதுவாக, பரீட்சையில் கேள்வி கேட்கிற மாதிரி, "நீ சொல்றது விரதமா?" என்றார்.

"விரதம்தாம்மா. இங்கிலீஷ்ல ஃபாஸ்ட்டுன்னு சொல்லுவாங்க. வேகத்துக்கும் அதே வார்த்தைதான்."

வேகத்துக்கும் அதே வார்த்தைதான். தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மச்சான் போன் ஞாபகம் வந்தது. "உன் அக்கா கல்யாணத்துக்கு முந்தியே." 

அந்த அம்மா தொன்னையைக் கீழே வைத்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. முந்தானையை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தார், அடங்கவில்லை. தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, என்ன என்று கேட்கிற என் மகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பைக்குள் கையை விட்டு நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மகள் பிரித்தாள். போட்டோ அவளுடையது. பேர் அவளுடையது. கடைசியில் கறுப்பாக மூன்று வரி. அதை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாள்.

"அப்பா" என்றாள்.

நான் அம்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்பாள் முகத்திலும் சிரிப்பு இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

"இவருதான் அப்பாவா?" என்று சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து கும்பிட்டேன். "தெரியாம எழுதிட்டேன்மா. நாங்க எல்லாரும் மெதுவான ஆளுங்கதான்" என்றேன். அவ்வளவுதான், மகளும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். குருக்கள் எட்டிப் பார்த்தார். அவள் சிரித்ததைப் பார்த்துப் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. என் கண் நிறைந்துவிட்டது, அதை விபூதி விழுந்த மாதிரித் துடைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா அன்றைக்கே மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டார். ஆனால் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு இறங்கி வர மனசில்லை. தன் இங்கிலீஷ் தப்பாகப் போயிற்றே என்று அவருக்கு ஒரு முறுக்கு. "அர்த்தம் தெரியாதவரு எதுக்கு எழுதணும்?" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். தாய்மாமன் அவர். அவர் வாய் திறந்து சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் தாம்பூலம் மாற்ற மாட்டார்கள். போன் அடித்தால் மகள் மறுபடியும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஸ்டோரில் என் எதிரிலேயே, பத்து வருஷமாக நானே அடுக்கி வைக்கிற சிவப்பு டிரம். மேலே ஃபாஸ்ட் ரெட் என்று போட்டிருக்கிறது. அதை நான் சாயத்தின் பேர் என்றே நினைத்திருந்தேன். பயந்துபோய்க் கெமிஸ்ட்டிடம் ஓடினேன். "சார், இது எந்த ஃபாஸ்ட்டு? வேகமா, விரதமா?" அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டும் இல்ல. துணியில ஏறினா விடாது. எத்தனை தடவை தோய்ச்சாலும் சாயம் போகாது. அதுக்கும் ஃபாஸ்ட்டுன்னுதான் பேரு" என்றார். இந்த வார்த்தைக்கு இன்னும் எத்தனை வீடு இருக்கிறது என்று மலைத்துப்போய் நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் எல்லாரும் பெண் பார்க்க வந்தார்கள். விஷயம் தெரிந்து கோபம் தணிந்த மச்சானும் வந்தான், அண்ணனும் வந்தார். அவர் கையில் பழுப்பு அட்டை போட்ட பழைய டிக்‌ஷனரி ஒன்று. எனக்கு அதைப் பார்த்ததும் காய்ச்சல் வந்த மாதிரி ஆனது. மாப்பிள்ளை கையில் ஒரு தூக்கு. உள்ளே கொத்சு. வீட்டில் தானே வைத்து எடுத்து வந்திருந்தார்.

உட்கார்ந்ததும் அண்ணன் டிக்‌ஷனரியைப் பிரித்தார். "தெளிவாப் பேசிடலாம். யார் பக்கம் தப்புன்னு தெரியணும்" என்று படிக்க ஆரம்பித்தார். "ஃபாஸ்ட். வேகமான."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, "நான்தான்" என்றாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது, பஜ்ஜித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

"விரதம், உண்ணா நோன்பு" என்று படித்தார். சம்பந்தியம்மா என் மகளைக் காட்டினார். "கடிகாரம் முந்தி ஓடுதல்." எல்லாரும் நிமிர்ந்து எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். அது எப்போதும் பத்து நிமிஷம் முந்தித்தான் ஓடும். மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆழ்ந்த தூக்கம்" என்றார் அண்ணன். மூலையில் நாற்காலியில் குறட்டை கேட்டது. சம்பந்தி, அந்த ரிட்டையர்டு டிரைவர், வந்து உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிட்டிருந்தார். "இவுரும் ஃபாஸ்ட்டா?" என்று சம்பந்தியம்மா கேட்டதில் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அவர் வாய் ஓரத்திலும் ஏதோ ஆட ஆரம்பித்துவிட்டது.

"சாயம் போகாத" என்று அடுத்ததைப் படித்தார்.

"அது எனக்குத் தெரியும்" என்று எழுந்து நின்றுவிட்டேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.  "எங்க கம்பெனியில டிரம்மு மேல போட்டிருக்கும். துணியில ஏறினா எத்தனை தோய்ச்சாலும் போகாதுங்க. நான் எழுதினது தப்புதான். ஆனா என் பொண்ணு இந்த ஃபாஸ்ட்டும்தாங்க. ஒண்ணைப் புடிச்சா விட மாட்டா. பத்து வருஷமா அந்த விரதத்தை விடல. உங்க புள்ள போட்டோ ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில இருக்கு, அதையும் இன்னும் விடல."

"அப்பா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது, எங்கள் டிரம் மாதிரி.

புத்தகத்தில் அந்த வார்த்தைக்கு இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது. அண்ணன் அதை மனதுக்குள்ளேயே படித்தார். அது எந்த அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் டிக்‌ஷனரியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது இந்த வீட்ல யாருக்கும் இல்ல. தாம்பூலத் தட்டைக் கொண்டாங்க" என்றார்.

பிறகு எல்லாரும் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். மாப்பிள்ளை பரிமாறினார். காலைச் சாப்பாட்டுக்கு பிரேக்ஃபாஸ்ட் என்று பேர் வந்ததே, ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்த விரதத்தை முடிக்கிறதால்தான் என்று மகள் சொன்னாள். நான், வேகத்துக்கு பிரேக் போடுவது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்றேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலை மட்டும் கடைசி வரைக்கும் என் கைக்கு வரவில்லை. பேனாவே தரவில்லை.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் ஒழுங்காக எழுதியிருந்தால் சிதம்பரத்தில் அதைப் படித்து, இன்னொரு இடத்து பயோடேட்டாவோடு சேர்த்து வைத்துப் பார்த்து, வேறு மாதிரி முடிவு பண்ணியிருப்பார்கள். அந்தத் தப்புதான் சம்பந்தியம்மாவை ஒரு வெள்ளிக்கிழமை என் மகள் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. பிரவுசிங் சென்டரில் என் பேனாவைப் பிடித்து எழுதினது பெரியநாயகிதான் என்று நான் நம்புகிறேன். என் மகள், அம்பாளுக்கு இங்கிலீஷ் இதைவிட நன்றாகத் தெரியும் என்கிறாள். இப்போது அவள் சிதம்பரத்தில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் கடையைக் கொஞ்சம் முன்னாலேயே சாத்திவிட்டு மாப்பிள்ளையும் அவளோடு கோயிலுக்குப் போகிறார். அவரும் அன்றைக்கு ஃபாஸ்ட்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பைக் ரேஸ் சேர்க்க வேண்டாம். ஸ்கூட்டியை எடுத்துவிட வேண்டாம், அது எவ்வளவு மெதுவாகப் போனதோ அவ்வளவு மெதுவாகவே போகட்டும். என் தப்பையும் குறைக்க வேண்டாம். முக்கியமாக அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அதில் ஒரு அர்த்தம்தான் மிஞ்சும், என் மகள் கல்யாணம் நடந்திருக்காது.